எத்தனை பெட் ஆஸ்பத்திரி?

*ஒக்கலிபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் 2024 டைரியிலிருந்து*

ஏப்ரல் 10, புதன்

யுகாதிக்கு மறுநாளே இரண்டாம் பியூசி ரிசல்ட். எதிர்வீட்டுப் பாப்பா பாஸ். காமர்ஸ் எடுத்தவள், 58 சதவீதம். கார்மென்ட்ஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அவள் அம்மா, நேற்றைய ஒப்பட்டில் மிச்சமிருந்ததை டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள். ஒப்பட்டு என் கைக்கு வருவதற்குள் கவலை வந்துவிட்டது.

"அக்கா, இவ நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. காமர்ஸ் படிச்சவளுக்கு எவன் நர்சிங் சீட்டு கொடுப்பான்? நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க."

கொடுப்பார்கள் என்றேன். அம்மாவுக்கு அதிர்ச்சி, பாப்பாவுக்குச் சிரிப்பு.

பலர் குழம்புகிற இடம் இது. பி.எஸ்சி நர்சிங் நான்கு வருஷம். அதற்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் இப்போது சிஇடி பரீட்சை வழியாகப் போக வேண்டும். ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ டிப்ளமோ அப்படியில்லை. ஆர்ட்ஸ், காமர்ஸ், சயின்ஸ் எதுவானாலும் சரி. பன்னிரண்டாவதில் மொத்தத்திலும் ஆங்கிலத்தில் தனியாகவும் 40 சதவீதமும், சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயதும் போதும். இது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிற விதி. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தபிறகு, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி என்று இரண்டு வருஷம் படித்தால் டிகிரியும் வந்துவிடும். காமர்ஸ் பெண்ணுக்கு நேர்வழி அடைப்பு, சுற்றுவழி திறப்பு.

"அப்ப நான் சேரலாமா சிஸ்டரத்தை?" என்றாள் பாப்பா. தெருவில் பெரியவர்களுக்கு நான் சிஸ்டரம்மா, சின்னதுகளுக்கு சிஸ்டரத்தை.

சேரலாம். எங்கே சேருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்றும் அம்பேத்கர் ஜெயந்தியும் ஒரே நாளில் வருவதால் ஸ்ரீராமபுரம் பக்கம் காலையிலிருந்தே தமட்டைச் சத்தம். ஆட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு பாப்பாவின் அப்பா வந்து உட்கார்ந்தார்.

"டிப்ளமோதானே சிஸ்டரம்மா? நாளைக்கு நாலு பேர், டிகிரி இல்லையான்னு கேப்பாங்க."

நாலு பேர் கேட்பதை விடுங்கள், நர்சிங் கவுன்சில் என்ன கேட்கிறது என்று பாருங்கள் என்றேன். ஜி.என்.எம். முடித்தவளும் பி.எஸ்சி முடித்தவளும் பதிவாவது ஒரே பெயரில்தான்: பதிவுபெற்ற செவிலி, பதிவுபெற்ற தாதி. வார்டில் ஊசி போடுகிற கை டிப்ளமோவா டிகிரியா என்று நோயாளி கேட்பதில்லை. வித்தியாசம் பின்னால் தெரியும். டியூட்டர் வேலைக்கும் மேல்படிப்புக்கும் டிகிரி வேண்டும். அப்போது போஸ்ட் பேசிக் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி சம்பளம். உள்ளதைச் சொன்னேன். அரசாங்க வேலை கிடைத்தால் கவலையில்லை. தனியாரில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் வயிற்றெரிச்சல். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்த இடம்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. நர்சுகள் அதைக் காட்டி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆட்டோவுக்கு டியூ கட்டறதைவிட இது மேல்தான்" என்று எழுந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஓட்டுப் போட வரிசையில் நின்றபோதே ஒரு ஏஜென்ட் வந்துவிட்டார். பாப்பா நர்சிங் தேடுகிற சேதி எப்படித்தான் போனதோ. கையில் வழவழ காகிதத்தில் நாலைந்து காலேஜ் நோட்டீஸ். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிரிக்கிற வெள்ளைக் கோட்டுப் பெண்கள்.

"மேடம், சீட்டு கேரன்டி. அட்டெண்டன்ஸ் பத்தி டென்ஷன் வேண்டாம். பரீட்சைக்கு வந்தா போதும்."

அட்டெண்டன்ஸ் வேண்டாம் என்று சொல்லி விற்கப்படுகிற நர்சிங்! இந்த ஊசியை யாருக்குப் போடப் போகிறார்கள்?

நாங்கள் இருப்பது சிட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம். வருஷா வருஷம் ஜூன் ஜூலை வந்தால் தகரப் பெட்டியும் டிராலி பையுமாகக் கேரளத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். நாட்டிலேயே நர்சிங் பள்ளிகள் மிக அதிகமாக இருக்கிற மாநிலங்களில் கர்நாடகம் ஒன்று. அதில் பெங்களூருக்குப் பெரும் பங்கு. நல்ல பள்ளிகளும் இங்கேதான், பெயர்ப்பலகைப் பள்ளிகளும் இங்கேதான். வெளியூரிலிருந்து போனில் பேசி முன்பணம் கட்டிவிட்டு வருகிற குழந்தைக்கு எது எதுவென்று தெரிய வழியில்லை. உள்ளூரில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு: பஸ் ஏறிப் போய்க் கண்ணால் பார்க்கலாம்.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்தக் காலேஜுக்கு எத்தனை பெட் ஆஸ்பத்திரி?"

"டை-அப் இருக்கு மேடம்" என்றார்.

எத்தனை என்று கேட்டால் எண்தான் பதில். டை-அப் ஒரு எண் இல்லை.

மே 6, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊர் முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறது. பாப்பாவையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் எல்லையில் ஒரு காலேஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

முகப்பில் கண்ணாடி, உள்ளே ஏசி, ரிசப்ஷனில் பிள்ளையார். லேபைக் காட்டச் சொன்னேன். சாவி தேடக் கால் மணி நேரம் ஆனது. திறந்தால் வரிசையாக ஆறு கட்டில். அதில் ஒன்றில் ஒரு பொம்மை நோயாளி படுத்திருந்தது. தலையிலும் முழங்காலிலும் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, அதன்மேல் தூசி. கையைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி குத்திப் பழகுவதற்கென்றே அதன் மேல்கையில் ஒரு ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள். பழகிய பொம்மையில் அந்த இடம் சல்லடை மாதிரி இருக்கும். இதில் ஒரு குத்துகூட இல்லை. மூன்று பேட்ச் படித்து முடித்துப் போயிருக்கிறார்கள் என்று சற்றுமுன்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி எங்கே சார்?"

"கன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்கு மேடம். இப்போதைக்கு வேற இடத்துல போஸ்டிங்."

"எந்த இடம்? எத்தனை நாள்? கூட எந்த டியூட்டர் போவாங்க?"

அவர் கட்டண விவரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வெளியே வந்ததும் பாப்பாவின் அம்மா, "பில்டிங் நல்லா இருந்துச்சேக்கா" என்றாள். பில்டிங்குக்குக் காய்ச்சல் வந்தால் இந்தப் பெண்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

கவுன்சில் சொல்வது தெளிவு. நர்சிங் பள்ளி நடத்துகிறவர்களுக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்கிற கணக்கு இருக்க வேண்டும். பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். கட்டில் இருந்தால் மட்டும் போதாது, முக்கால்வாசிக் கட்டிலில் ஆளும் இருக்க வேண்டும். இத்தனையையும் ஒரே கேள்வியில் அடக்கினால், எத்தனை பெட் என்பதுதான்.

மே 12, ஞாயிறு

இன்று செவிலியர் தினம். 1820-ல் இதே நாளில் பிறந்தார் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். வாட்ஸப்பில் காலையிலிருந்து விளக்கேந்திய படங்களாக வந்து குவிகின்றன. விளக்கை எல்லோருக்கும் தெரியும். அவர் ஆரம்பித்த பள்ளி எங்கே இருந்தது என்பதை யாரும் அனுப்புவதில்லை. 1860-ல் லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்குள் அது ஆரம்பமானது.

நம் பக்கத்துக் கதையும் அதுதான். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நடத்திய ஆஸ்பத்திரியில் 1909-ல் செவிலியர் பள்ளி வந்தது. அது வளர்ந்து 1946-ல் பட்டப்படிப்பானது. அதே வருஷம் டெல்லியிலும் ஒன்று. இங்கே பெங்களூரில் குட் ஷெப்பர்ட் கன்னியர்களின் செயின்ட் மார்த்தாஸ் 1886-லிருந்து இருக்கிறது. விக்டோரியா ஆஸ்பத்திரி 1900-ல் கர்சன் பிரபு திறந்து வைத்தது. இவர்கள் எல்லோரும் முதலில் கட்டிலைப் போட்டார்கள், அப்புறம்தான் கரும்பலகையை மாட்டினார்கள். இன்றைக்குப் பலர் கரும்பலகையை மாட்டிவிட்டுக் கட்டிலுக்கு "டை-அப்" தேடுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்பத்திரிக்குள் பள்ளி இருந்தால் மாணவியை வேலைக்காரியாக்குவது சுலபம். நான் படித்த காலத்தில் நைட்டில் ஒரு வார்டு முழுவதையும் இரண்டாம் வருஷ மாணவி தலையில் கட்டிவிடுவார்கள். பாடம் கேட்க வந்தவள் பெட்பேன் கழுவியே வருஷத்தை ஓட்டுவாள். ஆகவே பெட் எண்ணிக்கை கேட்டபிறகு இரண்டாவதாகக் கேட்க வேண்டியது: அந்தக் கட்டிலருகே நின்று சொல்லிக் கொடுப்பது யார்?

ஜூன் 15, சனி

அமெரிக்காவிலிருந்து சித்தி மகள் போன். நாற்பதைத் தாண்டியவள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நர்சிங் படிக்கலாம் என்று அங்கே கம்யூனிட்டி காலேஜில் நிற்கிறாள். அவள் கேட்பது அசோசியேட் டிகிரி. கோர்ஸ் இரண்டு வருஷம்தான். உள்ளே நுழைவதற்குள் அந்த இரண்டு வருஷம் போய்விடும்போல என்று சலித்துக்கொண்டாள்.

அங்கே அட்மிஷனே ஒரு படிப்பு. அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முன்னதாகவே படித்து நல்ல கிரேடு வாங்கியிருக்க வேண்டும். பல காலேஜ்களில் டீஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வு. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் நான்கிலும் கேள்வி. அதெல்லாம் தேறினாலும் இடம் குறைவு, வரிசை நீளம். பணம் கட்டினால் சீட்டு என்கிற பேச்சே அங்கே செல்லாது.

இந்த இரண்டு வருஷப் படிப்பை வகுத்தவர் மில்ட்ரெட் மான்டேக் என்கிற நர்சிங் ஆசிரியை. கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் 1951-ல் ஆய்வேடாக எழுதினார். யுத்தத்துக்குப் பிறகு நர்சுப் பஞ்சம். 1952-ல் சில ஜூனியர் காலேஜ்களில் சோதித்துப் பார்த்தார்கள், நிலைத்துவிட்டது. மாணவியை ஆஸ்பத்திரியின் கூலியில்லா ஆளாக வைத்திருக்கக் கூடாது, அவள் படிக்க வந்தவள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் நானும் சேருவேன். அதற்காக அங்கேயும் கட்டிலை விட்டுவிடவில்லை. வகுப்பு காலேஜில், கிளினிக்கல் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஆசிரியர். முடித்தவர்கள் இரண்டு வருஷமோ நான்கு வருஷமோ, எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் பரீட்சை, கிடைப்பது ஒரே லைசென்ஸ். அந்தப் பரீட்சையை நம் பெங்களூரிலேயே உட்கார்ந்து எழுதலாம். ஜி.என்.எம். முடித்துவிட்டு எழுதிப் போன பெண்கள் எத்தனையோ பேர்.

பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டாள். "டீஸ் மாதிரி இங்கேயும் ஒரு பரீட்சை வெச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். எல்லாரும் பரீட்சை வேண்டாம் என்று ஓடுகிற காலத்தில் இப்படி ஒரு பிள்ளை.

ஜூலை 3, புதன்

ஜாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க நாடகச்சேரியில் முழுநாள். ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க இரண்டிலும் இருக்கிற ஆர்.டி. நம்பர் வேண்டும். அது இல்லையென்றால் போர்ட்டல் ஒரு அடி நகராது.

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இந்த விஷயத்தில் தனியாக ஒரு முடிச்சு உண்டு. பட்டியல் சாதிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் கூடவே வராது. 1950 ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்ததோ அதுதான் கணக்கு. அதற்குப் பின்னால் பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே சான்று சிக்கல். பாப்பாவின் கொள்ளுத்தாத்தா அதற்கும் வெகுகாலம் முன்பே வட ஆற்காட்டிலிருந்து ராஜா மில் வேலைக்கு வந்தவர். அந்த மில் இருந்த இடத்தில்தான் இப்போது மந்திரி மால் நிற்கிறது. மில் போய்விட்டது, கிழவரின் சர்வீஸ் காகிதம் மட்டும் பாட்டியின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அப்பாவின் பள்ளிக்கூட ரெஜிஸ்டர் நகலோடு அதையும் வைத்தார்கள்.

வாசகர் யாராவது இதைப் படித்தால் சொல்லிக்கொள்கிறேன்: ரிசல்ட் வந்தபிறகு சான்றிதழுக்கு அலையாதீர்கள். பிள்ளை முதல் பியூசி படிக்கும்போதே வாங்கி வையுங்கள். டிசி, மார்க்ஸ் கார்டு, படிப்புச் சான்று எல்லாம் நாலு நாலு நகல். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் மைக்ரேஷன் சான்றை மறக்க வேண்டாம். ஒரிஜினலை எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். கட்டணம் பாக்கி என்று ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடங்களில் சிக்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

சும்மா இருக்க வேண்டாமென்று பாப்பாவுக்கு நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். மூன்று விரலை மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, நம் நாடியே நமக்குத் துடிக்கும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்கள் உண்டு. பழகும்போது முழு நிமிஷம் எண்ணு என்றேன். நடுவில் ஒரு துடிப்பு தப்பினால் அதுதான் சேதி, அது இரண்டாவது அரை நிமிஷத்தில் ஒளிந்திருக்கும்.

தெருவில் ஒரு கையை அவள் விடவில்லை. முனையில் இஸ்திரி போடுகிறவர், பால் பூத்துக்காரர், என் வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர் பையன். எல்லாம் ஒரு பழைய நோட்டில் ஏறியது. பெயர், நேரம், எண்ணிக்கை. இஸ்திரிக்காரருக்கு 104. "மாடி ஏறி வந்த உடனே பிடிச்சேன், உட்கார வெச்சு மறுபடி பிடிச்சேன், 82" என்று அவளாகவே பக்கத்தில் எழுதியிருந்தாள். சொல்லித் தராமலே சந்தேகப்படத் தெரிகிறது. இந்தப் பெண் தேறிவிடுவாள்.

மாலையில் பெட் போடச் சொன்னேன். ஷீட்டின் மூலையை மடித்துச் செருகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சுருக்கம் ஒன்றுகூட நிற்கக் கூடாது, அசையாமல் படுத்திருப்பவருக்குச் சுருக்கம்தான் புண்ணாகும். ஜி.என்.எம். முதல் வருஷத்தில் அனாட்டமியும் மைக்ரோபயாலஜியும் சைக்காலஜியும் சோசியாலஜியும் உண்டு. ஆனால் பள்ளியின் தரத்தைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது அந்த ஷீட் மூலையைத்தான்.

ஒரு விஷயத்தில் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சையே தேவையில்லை. விக்டோரியா, வாணி விலாஸ் ஆஸ்பத்திரிகளில் மண்டியாக்காரர் கன்னடத்தில் முனகுவார், கோலார்க்காரர் தெலுங்கில் அழுவார், கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர் தமிழில் தண்ணீர் கேட்பார், சிவாஜிநகர்க்காரர் உருதுவில் திட்டுவார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், கடையில் உருது என்று வளர்ந்த பாப்பாவுக்கு எல்லோருடைய வலியும் புரியும். மார்க்ஸ் கார்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லையே என்பதுதான் என் குறை.

ஆகஸ்ட் 17, சனி

நாடு முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தம். கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் 9-ம் தேதி டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டரை ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொன்றுவிட்டார்கள். பாப்பாவின் அம்மா நேற்றிரவு தூங்கவில்லை. "டாக்டருக்கே இப்படின்னா, நர்சுக்கு யார் இருக்கா? வேண்டாம்கா, பி.காம் சேத்துவிட்டுடறேன்."

ஆறுதல் சொல்வது எளிது, அவள் கேட்டது நியாயம். அருணா ஷான்பாக் நம் உத்தர கன்னட மாவட்டத்துப் பெண். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1973-ல் ஆஸ்பத்திரித் துப்புரவு ஊழியன் ஒருவன் தாக்கியதில் நினைவிழந்து விழுந்தவர், 2015 மே 18 வரை அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இத்தனை ஆண்டும் ஒரு படுக்கைப் புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அங்கே மாறி மாறி வந்த நர்சுகள். அவரை ஆஸ்பத்திரி காப்பாற்றவில்லை, நர்சுகள் காப்பாற்றினார்கள். இரண்டையும் பாப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

பயத்தைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஹாஸ்டல் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளா, வெளியிலா? நைட் போஸ்டிங் முடிந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள்? வார்டில் டூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? மாணவியைத் தனியாக நைட் போடுவார்களா? புகார் கமிட்டி உறுப்பினர் பெயர்கள் போர்டில் இருக்கின்றனவா? பதில் சொல்லச் சங்கடப்படுகிற இடத்தில் சேர்க்க வேண்டாம்.

பாப்பா நாடி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பி.காம் பேச்சு அதோடு நின்றது.

செப்டம்பர் 9, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பள்ளியில் இன்று இன்டர்வியூ. பழைய கட்டிடம், சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, லிஃப்ட் முனகுகிறது. மூன்றாவது மாடி வார்டைக் கடந்துதான் ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கே சாம்பல் நிற யூனிஃபார்மில் ஒரு மாணவி வயதான அம்மாளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் இழுத்து மூடியிருந்தது. வெளியே நின்ற டியூட்டர், "தண்ணி மாத்தினியா?" என்று உள்ளே பார்க்காமலேயே கேட்டார். "மாத்திட்டேன் மேடம்" என்று பதில் வந்தது. எனக்கு இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிட்டது.

உள்ளே பிரின்சிபல் சிஸ்டர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துக் கன்னடத்துக்கு வந்தார். ஏன் நர்சிங் என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற "சேவை" வரும் என்று எதிர்பார்த்தேன். பாப்பா சொன்னது: "வேலை கிடைக்கும்னு அப்பா சொன்னாங்க மேடம். எனக்கு நாடி எண்ணப் பிடிச்சிருக்கு." நோட்டை எடுத்து நீட்டினாள். பிரின்சிபல் அந்த 104-ம் 82-ம் இருந்த பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் விட்டாய் என்று கேட்டார். "பத்து" என்றாள். தலையாட்டினார்.

அப்புறம் எங்கள் முறை. எத்தனை பெட் என்று பாப்பாவே கேட்டாள். பிரின்சிபல் எண்ணைச் சொன்னார், இன்று எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதையும் சொன்னார். மனநல போஸ்டிங் எங்கே, பிரசவ போஸ்டிங் எங்கே, கிராமத்து கம்யூனிட்டி போஸ்டிங் எங்கே என்று காலண்டரைத் திருப்பிக் காட்டினார். கேட்டதற்காக முகம் சுளிக்கவில்லை.

சீட்டு கிடைத்தது. ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. திரும்பும் வழியில் மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரலுக்குப் போய்ச் சீட்டு எழுதி, முதல் டோஸ் போட்டுக்கொண்டு வந்தோம். நர்சாகப் போகிறவள் ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று விஜயதசமி. ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்தபிறகு பாப்பாவின் பெட்டியைக் கட்டினார்கள். நாளை காலை வகுப்பு. மூன்று வருஷம், இரண்டாவதில் மெடிக்கல் சர்ஜிக்கல், மனநலம், குழந்தைகள், மூன்றாவதில் பிரசவமும் சமூக நலமும் வார்டு நிர்வாகமும். ஒவ்வொரு வருஷமும் டிப்ளமோ நர்சிங் போர்டு பரீட்சை. அதெல்லாம் தாண்டினால் கவுன்சில் பதிவு.

இந்தத் தெருவில் அடுத்த வருஷம் பியூசி முடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. எல்லா வீட்டிலும் முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கிறது. அதை நாலாவதாக வையுங்கள். முதலில் எத்தனை பெட் என்று கேளுங்கள். அந்தக் கட்டில்களில் இன்று எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அருகே நின்று சொல்லிக் கொடுப்பது யார் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லி, வார்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிற இடத்தில் பணத்தைக் கட்டுங்கள். "டை-அப்" என்று சொல்கிற இடத்திலிருந்து அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.